தலைக்குக் கரண்ட் வைத்த காலம்

லுக்கீமியா பிள்ளைகளுக்குத் தலைக்குக் கதிர் கொடுக்க எங்கள் கோபால்ட் அறையில் ஒரு முறை இருந்தது. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைப்போம். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை, நெற்றியில் ஒரு பட்டை. காதுத் துளையையும் கண்ணின் வெளி ஓரத்தையும் கணக்கு வைத்து, மொட்டைத் தலையில் ஊதா மையால் கோடு போடுவோம். மெஷினைத் திருப்பி வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை. மண்டை முழுக்கக் கதிர் பட வேண்டும். நோய் ஒளிந்துகொள்ளும் இடம் என்பதால் கண்ணுக்குப் பின்புறமும் விட்டுப்போகக் கூடாது. ஆனால் கண் லென்ஸில் படக் கூடாது, அதற்கு ஓர் ஈயக் கட்டி. எல்லாம் அமைந்தபின் நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். உள்ளே பிள்ளை தனியாக.

கோபால்ட் 60 மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் வலு குறையும். அதனால் மாதப் பிறப்பில் பிசிசிஸ்ட் புது அட்டவணை ஒட்டுவார். போன மாதம் கொடுத்த அதே அளவைக் கொடுக்க இந்த மாதம் நேரம் கொஞ்சம் கூட வேண்டும். மெஷின் பழசாகப் பழசாக, நாலு வயதுப் பிள்ளை அசையாமல் படுத்திருக்க வேண்டிய நேரம் நீண்டுகொண்டே போகும். கதவுக்கு வெளியே மைக்கில் நான் கதை சொல்வேன். கதை பெரிய கதையெல்லாம் இல்லை. ஒரு நரி, ஒரு கிணறு, அவ்வளவுதான்.

சென்னையில் 1980களின் நடுவில் ரேடியோதெரபி டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அப்போது ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா கேட்டார்: “ரத்தத்துல இப்ப நோய் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரே தம்பி, அப்புறம் எதுக்குத் தலைக்குக் கரண்ட்டு?” கதிரைத்தான் கரண்ட் என்றார். திரும்ப வராமல் இருக்க என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்த கதையைப் பல வருடம் கழித்துத்தான் தேடிப் படித்தேன்.

கதையின் ஒரு முனை சென்னையிலேயே இருக்கிறது. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தி வந்ததற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார் என்று அவரைப் பற்றி எழுதும் எல்லாரும் சொல்வார்கள். 1920களில் ஹார்வர்டுக்குப் போனார், பிறகு அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்துக்கு. அங்கே அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஒரு செல் இரண்டாகப் பிரிய டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ. செய்ய ஃபோலிக் அமிலம் வேண்டும். பார்க்க அந்த அமிலம் மாதிரியே இருந்து அதன் வேலையைக் கெடுக்கும் பொருள்களையும் அதே கூடம் செய்தது. அமினாப்டரின் ஒன்று. அதன் தம்பி மெத்தோட்ரெக்சேட். மஞ்சள் நிறத்தில், எங்கள் வார்டில் தினமும் பார்த்த மருந்து.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினாப்டரினை லுக்கீமியா பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 பேரில் 10 பேருக்கு நோய் கொஞ்ச காலம் பின்வாங்கியது என்று 1948 ஜூனில் எழுதினார். அதே வருடம் ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார், 53 வயதில். தன் மருந்து எங்கெல்லாம் போகப்போகிறது என்று பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1960களின் தொடக்கத்தில் மருந்துகளைக் கூட்டாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ரத்தம் சுத்தமானது, எலும்பு மஜ்ஜை சுத்தமானது, பிள்ளை விளையாடப் போனது. சில மாதம் கழித்துத் தலைவலி, வாந்தி, மாறுகண் என்று திரும்பி வந்தது. ரத்தத்தில் ஓடும் மருந்து மூளைக்குள் சரியாகப் போவதில்லை. அங்கே இயற்கையாகவே ஒரு தடுப்பு இருக்கிறது. நாலைந்து நோய்ச் செல்கள் அந்தத் தடுப்புக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்தன. அப்படியே விட்டால் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மூளை வழியாகவே நோய் திரும்பியது.

மெம்ஃபிஸ் நகரில் 1962இல் திறந்த செயின்ட் ஜூட் மருத்துவமனையின் முதல் இயக்குநர் டொனால்ட் பின்கெல். மருந்து போகாத இடத்துக்குக் கதிர் போகும் என்று அவர் குழு முயன்றது. குறைந்த அளவு போதவில்லை. 1967இல் மண்டைக்கு 2400 ராட் அளவு கதிர், கூடவே முதுகுத் தண்டுவடத்தில் மெத்தோட்ரெக்சேட் ஊசி. பாதிப் பிள்ளைகள் பிழைத்து, பிழைத்தபடியே இருந்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் செத்துக்கொண்டிருந்த நோயில் பாதிப் பேர். அதன்பின் யார் கேள்வி கேட்பார்கள்? 1970களில் அது உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது. தலையில் நோயே தெரியாத பிள்ளைக்கும் தலைக்குக் கரண்ட்.

மூளைக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. 1906இல் பெர்கோனியே, ட்ரிபோந்தோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஒரு விதி சொன்னார்கள்: வேகமாகப் பிரியும் செல்லைத்தான் கதிர் அதிகம் கொல்லும். குடல், மயிர்க்கால், மஜ்ஜை எல்லாம் அந்த வகை. மூளை நரம்புச் செல் பிரிவதே இல்லை, ஆகவே அதற்குப் பயமில்லை. பரீட்சையில் இதை எழுதி நானும் மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் கண்ணுக்கு எதிரே ஒன்று நடந்துகொண்டிருந்தது. கதிர் முடிந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துச் சில பிள்ளைகள் தூங்க ஆரம்பிக்கும். சாதாரணத் தூக்கமில்லை. காலையில் எழுப்பி இட்லி ஊட்டினால் வாயில் வைத்தபடியே கண் சொருகும். நோய் திரும்பிவிட்டது என்று பெற்றவர்கள் அலறியடித்துக்கொண்டு வருவார்கள். ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தால் நோய் இருக்காது. ஓரிரு வாரத்தில் தானாகத் தெளிந்துவிடும். இங்கிலாந்தில் 1973இலேயே இதை விவரமாக எழுதிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1929இல், தலைப் படர்தாமரைக்கு எக்ஸ்ரே வைத்த பிள்ளைகளிடம் இதே தூக்கத்தைப் பார்த்து ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார். மூளைக்கு ஒன்றும் ஆகாது என்றால் இந்தத் தூக்கம் எங்கிருந்து வந்தது? பின்விளைவு, சரியாகிவிடும் என்று ஃபைலில் எழுதி மூடினோம்.

படர்தாமரை என்றதும் இஸ்ரேல் கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1940களின் கடைசியிலிருந்து சுமார் 1960 வரை, வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் அங்கே குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தலை முடியை உதிர்க்க எக்ஸ்ரே வைத்தார்கள். முடி போனால் பூஞ்சைக்கு மருந்து போடலாம் என்பது கணக்கு. பாருக் மோடன் என்பவர் அவர்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார். முதலில் கட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். 1982இல் அவரும் எலெய்ன் ரானும் வேறொன்றை வெளியிட்டார்கள்: கதிர் வாங்கியவர்கள், வாங்காத கூடப்பிறந்தவர்களையும் மற்றவர்களையும்விடப் பள்ளிப் படிப்பிலும் அறிவுத் தேர்விலும் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். ஒரு தடவைக்கு அவர்கள் மூளைக்குக் கிடைத்தது சுமார் 130 ராட். எங்கள் பிள்ளைகள் வாங்கியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

லுக்கீமியா பிள்ளைகளை யாரும் சோதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மெம்ஃபிஸ்காரர்களே சோதித்து 1975இல் முடிவை வெளியிட்டார்கள்: குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் இல்லை. இந்தக் கட்டுரைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதில் பொய் எதுவும் இல்லை. சீக்கிரம் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மண்டையில் அடிபட்டவருக்கு நேற்று தெரிந்தது இன்று மறந்துபோகும். இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி நடப்பதில்லை. தெரிந்தது தெரிந்தபடியே இருக்கும். புதிதாகக் கற்பதுதான் மெதுவாகும். அறிவுத் தேர்வின் எண் வயதை ஒட்டியது. ஆறு வயதில் ஆறு வயதுக்குரியது, பத்தில் பத்துக்குரியது. கூடப் படிக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு படி ஏறும்போது இந்தப் பிள்ளை முக்கால் படி ஏறினால், முதல் வருடம் யாருக்கும் தெரியாது. நாலாவது வருடம் வகுப்பில் பின்தங்கியிருப்பான். எங்கள் ரிவ்யூவோ ஐந்து வருடத்தில் வெற்றி என்று முத்திரை குத்தி முடிந்துவிடும். அப்போதுதான் அவனுக்கு மூன்றிலக்கப் பெருக்கல் ஆரம்பிக்கும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் வாரத்தில் சில நாள் ஒரு சைக்காலஜிஸ்ட் மேடம் வருவார். அவர் அறை கோபால்ட் அறைக்குப் போகும் தாழ்வாரத்தில் இருந்தது. மின்வெட்டு நேரத்தில் மெஷின் நிற்கும்போது நான் அங்கே போய் உட்காருவேன். பினே-காமத் அறிவுத் தேர்வுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எண்களை வாசிப்பார், நொடிக்கு ஒன்றாக, குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல். ஒரு பையன், நாலு வயதில் என் மெஷினில் படுத்தவன், அப்போது ஏழாம் வகுப்பு. ஐந்து எண்களை நேராகத் திருப்பிச் சொல்லிவிட்டான். “இப்ப தலைகீழாச் சொல்லு” என்றதும் மூன்றிலேயே நின்றுவிட்டான். விரலால் மேஜையில் எழுதிப் பார்த்தான். மேடம் அவன் விரலைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். நிறுத்துக் கடிகாரத்தைத் தட்டவில்லை. பிறகு அவன் அம்மாவைக் கூப்பிட்டு வீட்டில் எப்படி என்று கேட்டார்.

“கடைக்கு மூணு சாமான் சொல்லி அனுப்பினா ரெண்டு வாங்கிட்டு வரான் மேடம். மறதின்னு நான் சொல்ல மாட்டேன். அஞ்சு வயசுல ஆஸ்பத்திரியில கூட இருந்த புள்ளைங்க பேரெல்லாம் இன்னிக்கும் சொல்லுவான். ஒண்ணைக் காதுல வாங்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது அவனுக்கு.”

பிற்காலத்தில் நான் படித்த எத்தனையோ ஆய்வுகள், செயல் வேகம் என்றும் தற்காலிக நினைவு என்றும் அட்டவணை போட்டுச் சொன்னதில் இந்த அம்மா சொல்லாதது அதிகம் இல்லை. எங்கள் ரிவ்யூ ஃபைலில் உயரம், எடை, ரத்த எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது; என்ன வகுப்பு படிக்கிறான் என்பதற்கு இல்லை. மேடம் அதை ஓரத்தில் பென்சிலால் எழுதுவார், கணக்கு மார்க்கையும் சேர்த்து.

வெளிநாடுகளில் இதை எண்ணிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தில் கிறிஸ்டீன் ஐசர் 1978இல் எழுதினார்: சின்ன வயதில் தலைக்குக் கதிர் வாங்கியவர்கள் பின்தங்குகிறார்கள். அதே வருடம் அமெரிக்காவில் எந்தக் கோளாறும் வெளியே தெரியாத பிள்ளைகளை சி.டி. ஸ்கேனில் வைத்துப் பார்த்தபோது பாதிப் பேருக்கு மூளைப் படம் சரியாக இல்லை. ஃபிலடெல்ஃபியாவின் அன்னா மெடோஸ் குழு பிள்ளைகளை மறுபடி மறுபடி வரவழைத்துச் சோதித்து, அறிவுத் தேர்வு எண் இறங்குவதை 1981இல் லான்செட் இதழில் காட்டியது. வயது குறையக் குறைய இறக்கம் அதிகம். அதே ஆண்டு, அதே இதழில், 1800 ராட் கொடுத்தாலும் 2400 அளவுக்கே பலன் உண்டு என்ற ஆய்வும் வந்தது. நாலில் ஒரு பங்கைக் குறைக்கத் தைரியம் வந்தது அப்போதுதான்.

இந்தியாவுக்கு அந்த 1800தான் வந்து சேர்ந்தது. 1980களின் நடுவில் மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ், அடையாறு புற்றுநோய் நிலையம் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மெக்ராத்தோடு சேர்ந்து எம்.சி.பி. 841 என்ற சிகிச்சைத் திட்டத்தை ஆரம்பித்தன. அடையாறில் அதை நடத்தியவர் வி. சாந்தா. ஒரு நாளைக்கு 200 ராட், 9 நாள். இருபது வருட அனுபவத்தைப் பிற்பாடு தொகுத்தபோது, நான்காண்டு நோயின்றி இருந்தவர்கள் ஏறத்தாழ 40 சதவீதத்திலிருந்து 60 சதவீதம் வரை. அதற்கு முன்னால் நம் ஊரில் இந்த நோய் வந்த பிள்ளைகளின் கதி என்ன என்று தெரிந்தவர் யாரும் அந்த 9 நாளைக் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. கதிரை நிறுத்தவேண்டும் என்றால் அந்த இடத்தில் மருந்தைக் கூட்ட வேண்டும்; கூட்டினால் எதிர்ப்பு சக்தி போய்க் காய்ச்சல் வரும்; காய்ச்சலுக்குத் தனி அறை, விலை கூடிய ஆன்டிபயாட்டிக், நடுராத்திரி ரத்தம் எல்லாம் வேண்டும். கரண்ட் மலிவு. இருபது வருடம் அது நீடித்ததற்குப் பெரிய காரணம் இந்த ஒரு சொல்தான்.

பணக்கார நாடுகளில் 1800, சில பிரிவினருக்கு 1200, பிறகு பூஜ்யம் என்று இறங்கியது. வழக்கத்தை ஆரம்பித்த அதே செயின்ட் ஜூட், 2000இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் 498 பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட முன்தடுப்பாகத் தலைக்குக் கதிர் கொடுக்கவில்லை. 2009இல் முடிவு வந்தது: ஐந்தாண்டில் உயிரோடு இருந்தவர்கள் 93.5 சதவீதம். நாற்பது வருடப் பழக்கத்துக்கு அந்த ஊரிலேயே முடிவுரை எழுதினார்கள். ஆனால் 1967இல் பாதிப் பேரைக் காப்பாற்றியிருக்காவிட்டால் 1981இல் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துச் சோதிக்கப் பிள்ளைகளே இருந்திருக்க மாட்டார்கள் என்பதையும் பின்கெல் பக்கம் நின்று சொல்ல வேண்டும்.

அந்தப் பிரெஞ்சு விதி எங்கே பிசகியது? மூளையில் எதுவுமே பிரிவதில்லை என்ற இடத்தில். அதைக் காட்டிக்கொடுத்தவர்களும் புற்றுநோயாளிகள்தான். ஸ்வீடனில் நாக்கு, தொண்டைப் புற்று வந்த சிலருக்கு, கட்டி எவ்வளவு வேகமாகப் பிரிகிறது என்று பார்க்க ஒரு பொருளை ரத்தத்தில் ஏற்றியிருந்தார்கள். புதிதாகப் பிறக்கும் செல்லில் மட்டும் அது ஒட்டிக்கொள்ளும். அவர்கள் இறந்தபின் பீட்டர் எரிக்சனும் ஃப்ரெட் கேஜும் ஐந்து பேரின் மூளையைப் பார்த்தார்கள். காதுக்கு நேர் உள்ளே, புது நினைவுகள் பதிவாகும் ஹிப்போகாம்பஸில், அந்தப் பொருள் ஒட்டிய நரம்புச் செல்கள் இருந்தன. 1998இல் வெளிவந்தது. வயதானவர் மூளையில் இது உண்மையிலேயே நடக்கிறதா என்று 2018இலும் சண்டை போட்டார்கள், இன்னும் தீரவில்லை. ஆனால் எலியின் தலைக்குக் கதிர் வைத்தால் இந்தப் பிறப்பு நின்றுபோகிறது என்று மிஷெல் மோன்ஜே முதலியோர் 2002இல் காட்டினார்கள். வெறும் செல் சாவு இல்லை. சுற்றியிருக்கும் இடமே அழற்சியால் கெட்டு, புதுச் செல் நரம்பாக வளர மறுக்கிறது.

அதிலிருந்து பிறந்த வேலையை என் ஜூனியர் இப்போது செய்கிறார். மூளையில் பரவிய புற்றுள்ள பெரியவர்களுக்கு மண்டை முழுக்கக் கதிர் வைக்கும்போது, எம்.ஆர்.ஐ. படத்தில் இரண்டு பக்க ஹிப்போகாம்பஸையும் கோடு போட்டுப் பிரித்து, சுற்றி ஐந்து மில்லிமீட்டர் வேலி விட்டு, அங்கே மட்டும் அளவைக் குறைக்கிறார்கள். 518 பேரிடம் செய்த சோதனையில் நினைவும் சிந்தனையும் கெடுவது குறைந்தது என்று 2020இல் வந்தது. இரண்டு பக்கமும் திருப்பி அடித்த எங்கள் கோபால்ட்டில் இதைக் கற்பனைகூடச் செய்ய முடியாது.

கதிர் பெரும்பாலும் போனது, மெத்தோட்ரெக்சேட் போகவில்லை. இன்றைக்கும் முதுகில் அதே மஞ்சள் மருந்து. கதிர் வாங்காத பிள்ளைகளிடமும் கவனம், வேகம் இரண்டிலும் இடறல் தெரிகிறது, முன்போல அவ்வளவு இல்லை. பெரியவர்கள் கதை இன்னும் மெதுவாக வெளியே வந்தது. கீமோ எடுத்தவர்களின் சிந்தனைத் தடுமாற்றத்தை மனச்சோர்வு என்று மட்டும் தள்ளிவிட முடியாது என்று ஓர் அமெரிக்க மனநல இதழ் 1980இலேயே எழுதியது. மார்பகப் புற்றுக்காரப் பெண்கள் அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறேன், பேசும்போது பெயர் வர மாட்டேன் என்கிறது என்றால், உயிர் பிழைத்ததற்குச் சந்தோஷப்படுங்கள் அம்மா என்றுதான் பதில் வரும். நானே காதால் கேட்டிருக்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் 1998இல் எண்ணினார்கள்: அதிக அளவு கீமோ எடுத்தவர்களில் 32 சதவீதம் பேருக்குப் பாதிப்பு, வழக்கமான அளவில் 17, கீமோவே எடுக்காத நோயாளிகளில் 9. அந்த 9ஐக் கவனியுங்கள்; கீமோவுக்கு முன்பே சிலருக்குத் தடுமாற்றம் இருக்கிறது, நோயும் பயமும் தூக்கமின்மையும் அதில் சேர்த்தி. நெதர்லாந்திலேயே 2012இல், சராசரி 21 வருடத்துக்கு முன் கீமோ முடித்த பெண்களைச் சோதித்தார்கள். சொற்களை நினைவில் வைப்பதிலும் வேகத்திலும் அப்போதும் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். அவர்கள் எடுத்த மூன்று மருந்தில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். அது எலி மூளையின் துப்புரவுச் செல்களை உசுப்பிவிட்டு, நரம்புக்கு உறை போடும் செல்களின் வளர்ச்சியைக் கெடுக்கிறது என்று மோன்ஜே குழு 2019இல் காட்டியது.

இந்தத் தடுமாற்றத்துக்கு மாத்திரை கிடையாது. பயிற்சி உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் பட்லர் குழு, நோயிலிருந்து மீண்ட 161 பிள்ளைகளிடம் சோதித்து, பள்ளிப் பாடத்தில் ஓரளவு முன்னேற்றம் கண்டு 2008இல் எழுதியது. ஒரு அமர்வு இரண்டு மணி நேரம், மாதக்கணக்கில் வர வேண்டும். ஆரணியிலிருந்து பஸ் பிடித்து, கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? எங்கள் மேடம் கண்ட வழி தலைமையாசிரியருக்குக் கடிதம்: பையனை முதல் பெஞ்சில் உட்காரவைக்கவும், கரும்பலகையிலிருந்து எழுதக் கூடுதல் நேரம் தரவும், ஒரு சமயத்தில் ஒரே வேலை சொல்லவும், சோம்பேறி என்று அடிக்க வேண்டாம். ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில், டாக்டர் கையெழுத்தோடு. சில பள்ளிகள் கேட்டன, சில பள்ளிகள் இந்தப் பையனை வேறு எங்காவது சேருங்கள் என்றன. மேடம் மாற்றலாகிப் போனபின் அந்தக் கடிதம் நின்றுவிட்டது. டைப் அடித்த நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. கேட்டு வருகிற பெற்றோருக்குப் பெயரை மட்டும் மாற்றி எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறேன்.